ஹீத்தும் சேலத்து இரும்பும்

உழவனுடைய கொழு, தச்சனுடைய உளி, தையற்காரனுடைய ஊசி, கிணற்றுச் சகடையின் சங்கிலி, ஆற்றின்மேல் நிற்கும் பாலம் ஆகிய யாவும் இரும்பினால் ஆனவை. ஆயினும் உளிக்கு ஏற்ற இரும்பு சங்கிலிக்கு ஏலாது. சங்கிலிக்கு ஏற்ற இரும்பு ஊசிக்கு ஏலாது. உளிக்குக் கடினம் வேண்டும். சங்கிலிக்கு இழுப்பைத் தாங்கும் வலிமை வேண்டும். வண்டியின் வில்லுக்கு வளைந்து மீண்டும் நிமிரும் இயல்பு வேண்டும். கடினம் அளவுக்கு மிஞ்சினால் பொருள் நொறுங்கிவிடும். மென்மை அளவுக்கு மிஞ்சினால் கூர் மழுங்கிவிடும். எந்த இரும்பு எந்தத் தொழிலுக்கு ஏற்றது என்பதைக் கண்ணால் பார்த்து அறிதல் அரிது. காய்ச்சியும் அடித்தும் வளைத்தும் முறித்தும் சோதித்தே அறிதல் வேண்டும். அவ்வாறு இரும்பைச் சோதிப்பதிலேயே தம் வாழ்நாளையும் செல்வத்தையும் செலவிட்டவர் ஒருவர். அவர் பெயர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பது. அவர் ஆங்கிலேயர், ஆயினும் அவருடைய முயற்சிக்கு வித்தாக அமைந்தது நம் சேலத்து மண்.

சேலம் நகருக்கு மேற்கே கஞ்சமலை என்னும் மலை உள்ளது. அம்மலையின் பாறைகளில் இரும்புத்தாது செறிந்து கிடக்கிறது. அத்தாது காந்தத்தால் ஈர்க்கப்படும் இயல்புடையது. மழைக்காலத்தில் மலையிலிருந்து இழிந்துவரும் ஓடைகளின் மணலிலும் அதன் கருந்துகள்கள் கலந்திருக்கும். பழங்காலந்தொட்டே சேலம், நாமக்கல் பகுதிகளில் வாழ்ந்த கருமார்கள் அத்தாதுவைக் கொண்டு இரும்பு செய்துவந்தார்கள். அவர்களிடம் பெரிய ஆலைகள் இல்லை. களிமண்ணால் எழுப்பிய ஆளுயர உலை, ஆட்டுத்தோலால் தைத்த இரண்டு துருத்திகள், காற்றுச் செல்லும் மூங்கிற் குழல், சம்மட்டி, பட்டடை ஆகியவையே அவர்தம் கருவிகள்.

தாதுக்கல்லை இடித்துப் பொடியாக்கி, உமியைப் புடைத்து நீக்குவதுபோல மணலைப் புடைத்து நீக்குவார்கள். பின்னர் மரக்கரியையும் தாதுவையும் உலையில் மாறிமாறி இட்டு, துருத்தியை ஓயாமல் ஊதுவார்கள். மூன்று நான்கு நாழிகையல்ல, மூன்று நான்கு மணி நேரம் அவ்வுழைப்பு நீடிக்கும். முடிவில் உலையை உடைத்தால் அடியில் இரும்புக் கட்டி ஒன்று செக்கச் சிவந்து கிடக்கும். அதனை வெளியே எடுத்துச் சம்மட்டியால் அடித்துக் கசடு போக்குவார்கள். அதுவே தேனிரும்பு. அடித்தால் நீளும், வளைத்தால் வளையும், ஆனால் கூர் தாங்காது.

கூர் தாங்கும் எஃகு செய்வதற்கு வேறொரு வழியை அவர்கள் அறிந்திருந்தார்கள். தேனிரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, களிமண் மூசையில் இடுவார்கள். அதனோடு உலர்ந்த ஆவாரங் குச்சிகளை நறுக்கிப் போட்டு, மேலே எருக்கிலை முதலிய பச்சிலைகளை வைத்து, மூசையின் வாயைக் களிமண்ணால் இறுக அடைத்துவிடுவார்கள். இருபது அல்லது இருபத்துநான்கு மூசைகளை உலையினுள் வளைவாக அடுக்கி, மேலே கரியைப் பரப்பி, இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். குச்சியும் இலையும் கரிந்து, அவற்றின் கரிமம் இரும்பிலே ஏறும். கரிமம் ஏறிய இரும்பு உருகி எஃகாகும். ஆறியபின் மூசையை உடைத்தால் உள்ளே எஃகுக் கட்டி இருக்கும். அக்கட்டியைப் பல மணி நேரம் மீண்டும் அனலில் வைத்துப் பதப்படுத்திய பின்னரே பட்டையாக அடிப்பார்கள். பதம் பார்ப்பதற்கு அவர்களிடம் அளவுகோல் ஒன்றும் இல்லை. முறித்த இடத்தில் தோன்றும் மணியின் நுண்மை, அனலில் தோன்றும் நிறம், பட்டடையில் எழும் ஓசை ஆகியவையே அவர்களுக்கு அளவுகோல்கள். தந்தையிடம் மகன் கற்று, அவனிடம் அவன் மகன் கற்று வந்த கல்வி அது.

இவ்வெஃகின் புகழ் கடல் கடந்து சென்றது. மேல்நாட்டார் இதனை ஊட்ஸ் என்று அழைத்தனர். தென்னாட்டுச் சொல் ஒன்றே இவ்வாறு திரிந்தது என்பர். 1795-ஆம் ஆண்டில் ஜார்ஜ் பியர்சன் என்னும் மருத்துவ அறிஞர் லண்டனில் இதனை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். பிற்காலத்தில் மின்னியலில் பெரும்புகழ் பெற்ற மைக்கேல் பாரடேயும், கத்தி செய்வதில் வல்லவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் சேர்ந்து 1820-ஆம் ஆண்டை ஒட்டி இதனை ஆராய்ந்தனர். இரும்போடு பிற உலோகங்களைச் சேர்த்து, இந்நாட்டு எஃகுக்கு நிகரானதைச் செய்ய முயன்றனர். இங்கே ஊர்ப்புறத்துக் கருமார் செய்த பொருள் அங்கே பேரறிஞர்களின் மேசைமீது ஆராய்ச்சிப் பொருளாக விளங்கியது.

அறிஞர்கள் தொலைவிலிருந்து ஆராய்ந்ததை ஹீத் அருகிலிருந்து கண்டார். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணப் பணியில் இருந்தவர். சேலம், கோயம்புத்தூர்ப் பகுதிகளில் அலுவல் பார்த்தவர். உயர்ந்த பதவியும் நல்ல ஊதியமும் அவருக்கு இருந்தன. பதவிக்காலம் முடிந்தபின் தாயகம் திரும்பிச் சுகமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் உள்ளம் கருமார்களின் உலைக்களத்தை நாடியது. அவர்கள் தாதுவை இடிப்பது முதல் எஃகுக் கட்டியை எடுப்பது வரை ஒவ்வொன்றையும் கூர்ந்து நோக்கினார். மூசையில் இடும் குச்சி இன்னது, இலை இன்னது என்பதையும் விடாமல் குறித்துக்கொண்டார். பின்னாளில் அவர் எழுதிய கட்டுரை ஒன்று இத்தொழிலைப் பற்றிய சிறந்த சான்றாக இன்றும் விளங்குகிறது. பழைய எகிப்தியர் கடுங்கல்லிலே சிற்பம் செதுக்கிய உளிகள் இந்நாட்டு எஃகினால் ஆனவையாக இருக்கலாம் என்றும் அவர் கருதினார். அது ஊகமே, ஆயினும் இவ்வெஃகின்மீது அவர் கொண்ட மதிப்பை அது காட்டுகிறது.

இவ்வளவு சிறந்த தாது மலைமலையாகக் கிடக்கும்போது, அதனைப் பெரிய உலைகளில் உருக்கினால் உலகத்துக்கே இரும்பு தரலாம் என்று ஹீத் எண்ணினார். 1825-ஆம் ஆண்டில் அவர் தம் திட்டத்தை அரசாங்கத்திடம் தெரிவித்தார். மேல்நாட்டு முறையில் இரும்பு செய்யும் தனியுரிமை அவருக்கு அளிக்கப்பட்டது, கடனும் கிடைத்தது. அவர் அரசுப் பணியை விட்டு, தம் கைப்பொருளையும் இம்முயற்சியில் இட்டார். 1830-ஆம் ஆண்டில் வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள பரங்கிப்பேட்டையில் அவருடைய இரும்பாலை எழுந்தது. துறைமுகத்துக்கு அருகில் இருந்தால் செய்த இரும்பைக் கப்பலில் ஏற்றுவது எளிது என்பது கருதி அவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

கப்பல் அருகில் இருந்தது. தாதுவோ நெடுந்தொலைவில் இருந்தது. இக்குறையை நீக்கியவள் காவிரித்தாய். கஞ்சமலையில் எடுத்த தாது காவிரிக் கரைக்குக் கொண்டுவரப்பட்டுப் பரிசல்களில் ஏற்றப்பட்டது. ஆற்றில் நீர் பெருகும் காலத்தில் அப்பரிசல்கள் நாமக்கல் சமவெளியின் தென்னெல்லையில் உள்ள மோகனூரைக் கடந்து, முசிறியைக் கடந்து, திருச்சிராப்பள்ளிக்கு அருகே கொள்ளிடத்தில் புகுந்து, கான்சாகிப் கால்வாய் வழியாகப் பரங்கிப்பேட்டையை அடைந்தன. நெல்லும் மக்களும் ஏறிச்சென்ற பரிசலில் மலையின் கருங்கல் ஏறிச்சென்றது. மோகனூர்த் துறையில் நின்று அதனைக் கண்டவர்கள், அக்கல் ஏழு கடலுக்கு அப்பால் கத்தியாகவும் பாலமாகவும் உருமாறும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஆலை எழுந்தது, ஆனால் இடையூறுகளும் உடன் எழுந்தன. சிறிய மண்ணுலையில் படிந்துவந்த தாது, பெரிய உலையில் எளிதில் படியவில்லை. இங்கிலாந்தில் நிலக்கரி கொண்டு இரும்பு உருக்கினார்கள். இங்கே கிடைத்தது மரக்கரி ஒன்றே. ஒரு பங்கு இரும்புக்குப் பல பங்கு கரி வேண்டும். காட்டை வெட்டிக் கரி சுட்டார்கள். அருகிலிருந்த காடு அழிந்தவுடன் தொலைவிலிருந்து கரி கொண்டுவர வேண்டியதாயிற்று. தொலைவு வளர வளரச் செலவும் வளர்ந்தது. 1833-ஆம் ஆண்டில் பரங்கிப்பேட்டை எஃகு இரும்புக் கம்பெனி என்னும் கூட்டு நிறுவனம் ஏற்பட்டது. மலையாளக் கரையில் பேப்பூரிலும் ஓர் ஆலை நிறுவப்பட்டது. ஆயினும் இலாபம் தோன்றவில்லை. ஹீத்தின் செல்வம் மெல்ல மெல்லக் கரைந்தது.

பொருள் கரைந்ததே தவிர, இரும்பின் தரம் குறையவில்லை. பரங்கிப்பேட்டை இரும்பு உயர்ந்தது என்று மேல்நாட்டில் பெயர் பெற்றது. அதற்கு எஃகுத் தொழிலாளரிடையே இடம் தேட வேண்டி ஹீத் இங்கிலாந்து சென்றார். அங்கே எஃகுக்குப் பெயர்போன ஊர் ஷெபீல்டு. கத்தி, அரம், வாள், உளி ஆகியவற்றைச் செய்து உலகமெங்கும் விற்ற ஊர் அது. கடிகாரம் செய்பவரான பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்பவர் 1740-ஆம் ஆண்டை ஒட்டி மூசையில் எஃகை உருக்கும் முறையை அவ்வூரில் தோற்றுவித்திருந்தார். நம் கருமார்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்ததை ஒத்த முறை அது.

ஷெபீல்டு எஃகுக்கு ஒரு குறை இருந்தது. நல்ல எஃகு வேண்டுமானால் சுவீடன் முதலிய நாடுகளிலிருந்து விலையுயர்ந்த இரும்பை வரவழைக்க வேண்டும். இங்கிலாந்தின் இரும்பில் கந்தகம் போன்ற மாசுகள் கலந்திருந்தமையால், அதிலிருந்து செய்த எஃகைச் செந்தழலாகக் காய்ச்சி அடித்தால் வெடித்துப் பிளந்துவிடும். மற்றொரு குறையும் உண்டு. உருக்கி வார்த்த எஃகு, இரும்போடு எளிதில் ஒட்டாது. கத்தியின் அலகுக்கு எஃகும் அதன் அடிப்பகுதிக்கு மலிவான இரும்பும் வைத்து ஒட்டினால் விலை குறையும். ஆனால் ஒட்டவைத்த இடம் நிலைப்பதில்லை.

இக்குறைகளை நீக்கும் வழியை ஹீத் தேடினார். பல பொருள்களை எஃகோடு சேர்த்து உருக்கிப் பார்த்தார். இறுதியில் மாங்கனீசு என்னும் உலோகத்தில் அவர் கருத்து நிலைத்தது. மாங்கனீசையும் கரிமத்தையும் சேர்த்து முதலில் ஒரு கூட்டுப்பொருள் செய்தார். அப்பொருளை நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை எஃகோடு மூசையில் இட்டு உருக்கினார். வெளிவந்த எஃகு காய்ச்சி அடித்தபோது பிளக்கவில்லை. இரும்போடு ஒட்டவைத்தபோது உறுதியாக ஒட்டிக்கொண்டது. உள்நாட்டு இரும்பிலிருந்தும் நல்ல எஃகு செய்ய முடிந்தது. 1839-ஆம் ஆண்டில் இம்முறைக்கு அவர் காப்புரிமை பெற்றார்.

ஹீத்தின் முறை பரவியதும் ஷெபீல்டுச் சந்தையில் எஃகின் விலை நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை குறைந்தது என்பர். செல்வர் மேசையில் மட்டும் இருந்த எஃகுக் கத்தி ஏழையின் வீட்டுக்கும் வந்தது. உலையிலே நிகழ்ந்த சோதனையில் ஹீத் வெற்றி பெற்றார். ஆனால் அதனினும் கடுமையான சோதனை ஒன்று அவருக்காகக் காத்திருந்தது.

ஹீத்தின் முகவராக ஷெபீல்டில் அமர்ந்திருந்தவர் அன்வின் என்பவர். ஹீத்தின் கூட்டுப்பொருளைத் தனியே செய்வதற்குச் செலவு மிகுதி. மாங்கனீசுக் கல்லின் பொடியையும் கரித்தாரையும் நேரே மூசைக்குள் இட்டால், கூட்டுப்பொருள் அம்மூசைக்குள்ளேயே உண்டாகி அதே பயனைத் தரும் என்பது பின்னர்த் தெரியவந்தது. செலவோ மிகச் சிறிது. அன்வின் இவ்வழியைத் தம் சொந்தத் தொழிலுக்குக் கையாண்டார். ஹீத்துக்கு உரிமைப்பணம் தர மறுத்தார். காப்புரிமைப் பத்திரத்தில் கூட்டுப்பொருள் என்றுதான் எழுதியிருக்கிறது, தாம் இடுவதோ வெறும் பொடியும் தாருமே என்பது அவர் வாதம். மற்றத் தொழிலாளரும் அவ்வழியைப் பின்பற்றினர். நம்பி வைத்த முகவராலேயே ஹீத்தின் உரிமை பறிபோயிற்று.

ஹீத் நீதிமன்றத்தை நாடினார். மூசையின் வெளியே கூட்டிய பொருளும், மூசையின் உள்ளே கூடிய பொருளும் ஒன்றா, வேறா என்பதே வழக்கு. வேதியியல் அறிந்தவர்க்கு இரண்டும் ஒன்று. சட்டத்தின் சொல்லை மட்டும் நோக்குவோர்க்கு இரண்டும் வேறு. ஒரு நீதிமன்றத்திலிருந்து மற்றொன்றுக்கு வழக்கு ஏறியும் இறங்கியும் ஆண்டுகள் பல கழிந்தன. பரங்கிப்பேட்டையில் கரைந்து எஞ்சியிருந்த பொருளும் வழக்கிலே கரைந்தது.

அதே காலத்தில் இங்கிலாந்தில் இரும்பின் வலிமையைப் பற்றிய பெருஞ்சோதனை ஒன்று நடந்தது. மெனாய் நீரிணையின்மேல் இரயில் செல்வதற்காகப் பிரிட்டானியா என்னும் பாலத்தை ராபர்ட் ஸ்டீபன்சன் அமைத்தார். தேனிரும்புத் தகடுகளால் ஆன பெரிய குழாய்களைத் தூண்களின்மேல் வைத்து, அவற்றின் உள்ளே இரயிலைச் செலுத்துவது அவர் திட்டம். இதற்குமுன் எவரும் செய்யாத வேலை அது. ஆகவே 1845-ஆம் ஆண்டிலிருந்து வில்லியம் பேர்பேர்ன், ஈட்டன் ஹாட்கின்சன் என்னும் இருவர் சிறிய மாதிரிக் குழாய்களைச் செய்து, அவற்றின்மீது பாரம் ஏற்றி, அவை முறியும்வரை சோதித்தார்கள். அடிப்பகுதி இழுப்பினால் கிழிவதற்கு முன் மேற்பகுதி அழுத்தத்தினால் நசுங்குகிறது என்பதைக் கண்டறிந்தார்கள். இழுக்கும்போது வலிமை காட்டும் தகடு, அழுத்தும்போது மடங்கிவிடலாம் என்னும் உண்மை அதனால் விளங்கியது. அதற்கேற்ப மேற்பகுதி வலுப்படுத்தப்பட்டது. 1850-ஆம் ஆண்டில் பாலம் திறக்கப்பட்டது. பரங்கிப்பேட்டையில் உருக்கிய இரும்பும் அப்பாலத்துக்குப் பயன்பட்டது என்று நம் மாவட்ட வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

பாலம் திறந்த மறு ஆண்டில், அதாவது 1851-இல், ஹீத் வறுமையிலே காலமானார். அவர் தொடுத்த வழக்கு அவருக்குப் பின்னும் உயிரோடு இருந்தது. 1855-ஆம் ஆண்டில் அது பிரபுக்கள் சபையில் முடிவுற்றது. கருத்துக் கேட்கப்பட்ட நீதிபதிகளுள் பெரும்பாலோர் ஹீத்தின் பக்கமே பேசினர். எனினும் இறுதித் தீர்ப்பு அவருக்கு எதிராகவே அமைந்தது. எஃகின் விலையைக் குறைத்து ஒரு நகரத்தையே வாழ்வித்தவருக்கு அந்நகரத்திலிருந்து உரிய பயன் கிடைக்கவில்லை.

ஆயினும் உண்மைக்கு அழிவில்லை. தீர்ப்பு வந்த மறு ஆண்டாகிய 1856-இல் ஹென்றி பெசமர் என்பவர் உருகிய இரும்பினுள் காற்றைச் செலுத்தி, மிகக் குறைந்த செலவில் எஃகு செய்யும் முறையை வெளியிட்டார். ஆனால் அவ்வெஃகும் காய்ச்சி அடிக்கும்போது பிளந்தது. ராபர்ட் மஷெட் என்பவர் மாங்கனீசு கலந்த வார்ப்பிரும்பை அதனோடு சேர்த்து அக்குறையை நீக்கினார். 1882-ஆம் ஆண்டில் அதே ஷெபீல்டில் ராபர்ட் ஹாட்பீல்டு நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேல் மாங்கனீசு சேர்த்து, அடிபட அடிபட மேலும் உறுதியாகும் எஃகு ஒன்றைக் கண்டார். இரயில் தண்டவாளங்கள் ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் அவ்வெஃகு பயன்படுகிறது.

மாங்கனீசு செய்யும் வேலை என்ன என்பதைப் பின்வந்த அறிஞர்கள் விளக்கினார்கள். கந்தகம் இரும்போடு கூடினால் எளிதில் உருகும் ஒரு பொருள் உண்டாகி, எஃகு மணிகளின் இடையே படலமாகப் படியும். எஃகைக் காய்ச்சும்போது அப்படலம் உருகிவிடும். சம்மட்டி விழுந்தவுடன் மணிகள் பிரிந்து எஃகு பிளக்கும். மாங்கனீசு இருந்தாலோ, கந்தகம் இரும்பை விட்டு மாங்கனீசோடு கூடிவிடும். அக்கூட்டு எளிதில் உருகாது. ஆகவே எஃகு பிளவாது. எஃகினுள் தங்கும் உயிர்வளியையும் மாங்கனீசு நீக்குகிறது. இக்காரணங்களை ஹீத் அறிந்திலர். காரணம் விளங்குமுன்பே காரியத்தைக் கண்டவர் அவர். இன்று வீடு கட்டும் கம்பி முதல் கப்பல் தகடு வரை எவ்வகை எஃகை எடுத்தாலும் அதில் சிறிதளவேனும் மாங்கனீசு இருக்கிறது.

இனி, அவருக்கு வித்தளித்த சேலத்து மண் என்ன ஆயிற்று என்பதையும் அறிதல் வேண்டும். 1853-ஆம் ஆண்டில் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்னும் புதிய நிறுவனம் பழைய ஆலைகளை ஏற்றது. காவிரிக் கரையிலுள்ள பூலாம்பட்டியிலும் திருவண்ணாமலையிலும் புதிய உலைகள் எழுந்தன. ஆனால் கரிக்கு வேண்டிய மரம் போதவில்லை. இங்கிலாந்தில் நிலக்கரியால் உருக்கிய மலிவான இரும்பு கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. அதனோடு போட்டியிட முடியாமல் ஆலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. 1870-களில் நிறுவனமே கலைந்தது. அதே மலிவான இரும்பு ஊர்க் கருமார்களின் உலைகளையும் நாளடைவில் அணைத்துவிட்டது. ஹீத்துக்குக் காப்புரிமைப் பத்திரமும் வழக்குத் தொடுக்க நீதிமன்றமும் இருந்தன. அவருக்கு ஆசிரியராக விளங்கிய கருமார்களுக்கு அவையும் இல்லை. அவர்களுடைய பெயர்களையும் எவரும் எழுதி வைக்கவில்லை. ஹீத்தின் துயரத்தை எண்ணுவோர் இவர்களுடைய துயரத்தையும் எண்ணுதல் நேர்மையாகும்.

சேலத்தின் எஃகுப் பெருமை முற்றும் மறைந்துவிடவில்லை. 1970-ஆம் ஆண்டில் அந்நகருக்கு அருகே உருக்காலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. துருவேறாத எஃகுத் தகடு செய்யும் அவ்வாலை 1980-களின் தொடக்கத்திலிருந்து இயங்கிவருகிறது. சோதிக்கும் முறையும் வளர்ந்துவிட்டது. 1866-ஆம் ஆண்டில் டேவிட் கிர்க்கால்டி என்பவர் எவர் கொண்டுவரும் பொருளையும் சோதித்து உண்மை உரைக்கும் பொதுச் சோதனைச்சாலையை லண்டனில் திறந்தார். இன்று பொறியியற் கல்லூரிகள்தோறும் அத்தகைய சோதனைச்சாலைகள் உள்ளன. கம்பியின் இரு முனைகளையும் எந்திரம் பற்றி இழுக்கிறது. எவ்வளவு இழுப்புவரை அது பழைய நீளத்துக்கு மீள்கிறது, எவ்வளவுக்குமேல் மீளாமல் நீள்கிறது, எப்போது அறுகிறது என்பவற்றை அளந்து எழுதுகிறார்கள். கடினமான சிறு குண்டினால் அழுத்தி, பதியும் குழியை அளந்து கடினத்தை அறிகிறார்கள். ஊசலாடும் சம்மட்டியால் ஓங்கி அடித்து, மோதலைத் தாங்கும் திறனை அறிகிறார்கள். நாம் அச்சமின்றிப் பாலத்தைக் கடப்பதும் மாடி வீட்டில் உறங்குவதும் இச்சோதனைகளின் பயனே.

ஹீத்தின் வாழ்வு மாணவர்க்குச் சில உண்மைகளை உணர்த்துகிறது. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளியிடமும் கற்கத்தக்க கல்வி உண்டு. உயர்ந்த பதவியில் இருந்தும் அதனை உணர்ந்தமையாலேயே ஹீத் பெருங்காரியத்தைச் செய்ய முடிந்தது. இயற்கை தரும் பொருளுக்கு எல்லை உண்டு. காட்டை எல்லையின்றி வெட்டிய உலை தானும் அணைந்தது. பிறர் கண்ட உண்மையைப் பயன்படுத்துவோர், கண்டவருக்கு உரியதை அளித்தல் கடமை. சட்டத்தின் சொல்லில் குற்றமில்லை என்று தப்பித்துக்கொள்ளலாம். அறத்தின்முன் அவ்வாறு தப்ப இயலாது.

இரும்பின் உறுதியை உலைத்தீ காட்டும். மனிதரின் உறுதியைத் துன்பம் காட்டும். செல்வம் போயிற்று, உரிமை போயிற்று, நம்பியவரும் கைவிட்டார். ஆயினும் ஹீத் தாம் கண்ட உண்மையை விட்டுக்கொடுக்கவில்லை. சேலத்துக் கருமார்களின் பட்டறையில் தொடங்கிய அவருடைய தேடல் உலகத்து எஃகு முழுவதிலும் கலந்து நிற்கிறது.